ஜெபசீலன் மறந்து வைத்த நோட்டு

"அவனுக்கு மட்டும் தனியா என்ன சொல்லிக் கொடுக்கறீங்க மேடம்?"

பூவராகன் கேட்டே விட்டான். மூன்று வாரமாக வயிற்றுக்குள் வைத்துப் புழுங்கிய கேள்வி.

மெஹருன்னிசா பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டார்.

பள்ளிக்கரணையில் மூன்றாம் மாடியில் அவர் வீடு. பதினோரு வருடம் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இன்டர்வியூ எடுத்தவர். பலரை உள்ளே விட்டவர், அதைவிட அதிகம் பேரை வெளியே அனுப்பியவர். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு, சீனியர் பதவிக்குப் போகிறவர்களைத் தயார்செய்கிறார். பூவராகனைவிட ஐந்து வயது சின்னவர். அது வேறு அவனுக்கு உறுத்தல்.

அவனுக்கு நாற்பத்தொன்று. கம்பெனி ஒரு பிரிவையே மூடியபோது அவன் வேலையும் போயிற்று. இரண்டு இன்டர்வியூ போய், இரண்டிலும் கடைசிச் சுற்றில் விழுந்தான். மூன்றாவது, வருகிற வியாழக்கிழமை. ஒரே ஒரு இடம்தான் காலி.

அதே இடத்துக்கு ஜெபசீலனையும் கூப்பிட்டிருந்தார்கள்.

ஜெபசீலன் திருநெல்வேலிக்காரன். ஏழு வருடத்துக்கு முன்னால், காலேஜ் முடித்த கையோடு பூவராகனுக்குக் கீழே வந்து சேர்ந்தவன். ஒரே வருடம் இருந்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போனான், மளமளவென்று ஏறினான், இப்போது சமமாக வந்து நிற்கிறான். சமமாக என்பது பூவராகன் மற்றவர்களிடம் சொல்வது. தாண்டிப் போய்விட்டான் என்பது அவனுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெஹருன்னிசாவிடம் நாலு மணிக்கு ஜெபசீலன், ஐந்து மணிக்கு பூவராகன். ஜெபசீலன் கிளம்பும்போது ஐந்து பத்து ஆகிறது. அவனுக்கு இஞ்சி தட்டிப் போட்ட டீ, இவனுக்கு வெறும் டீ. படியில் எதிரே வந்தால் "அண்ணே" என்று சிரிக்கிறான். மரியாதையா, குத்தலா என்று பூவராகனுக்கு இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் போன் செய்து, "அண்ணே, நான் பதில் சொல்லுதத ஒரு தடவ கேட்டுத் திட்டுங்களேன்" என்றான். நேரமில்லை என்று பூவராகன் போனை வைத்துவிட்டான்.

"தனியா ஒண்ணும் இல்ல," என்றார் மெஹருன்னிசா. "அவர் ஒரு நோட்டு வெச்சிருக்கார். அதைத்தான் படிக்கிறார்."

"என்ன நோட்டு?"

"அதோ, மறந்து வெச்சுட்டுப் போயிட்டார்."

நாற்காலியில் ஒரு நோட்டு கிடந்தது. அட்டை கிழிந்து, செல்லோடேப் ஒட்டிய நீல நோட்டு.

"உங்களுக்கு இன்னொரு டீ போடறேன்," என்று அவர் அடுப்படிக்குப் போனார்.

பூவராகன் மனசாட்சியோடு போராடினான். தண்ணீர் கொதிக்கிற நேரம்கூட அந்தப் போராட்டம் நீடிக்கவில்லை. நோட்டை நடுவில் பிரித்து, போனில் படம் பிடித்தான். ஜெபசீலனின் சாய்ந்த கையெழுத்து. இருபது பக்கம் ஆனது.

காலடிச் சத்தம் கேட்டதும் மூடினான்.

மெஹருன்னிசா டம்ளரை வைத்தார். "சர்க்கரை போட மறந்துட்டேன். இருங்க."

மறுபடி உள்ளே போனார்.

இன்னும் பத்து பக்கம்.

அன்றைக்கும் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். முந்தைய இரண்டு இன்டர்வியூவிலும் அவனைக் கவிழ்த்த கேள்வி.

"நீங்க வளர்த்துவிட்ட ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்க."

"யாரை மேடம் வளர்த்தேன்? வந்தாங்க, கத்துக்கிட்டாங்க, ஓடிட்டாங்க."

"ம்," என்றார்.

*

திங்களும் செவ்வாயும் பூவராகன் போனும் கையுமாக இருந்தான்.

நோட்டில் இருந்தவை எல்லாம் சின்னச் சின்னக் குறிப்புகள். ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் படித்துப் பார்த்துச் சொல்கிறவை.

'இது ஓடும். ஆனால் எழுதியவன் லீவில் இருக்கும் நாளில் நின்றுபோனால், எடுத்துப் பார்க்கிறவனுக்கு என்ன புரியும்? அவனுக்காக ஒரு வரி எழுதி வை.'

படித்ததும் வயிறு எரிந்தது.

'கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது. சாதாரணமாக எழுது.'

இன்னும் எரிந்தது. இந்த நிதானம் இவனுக்கு எங்கிருந்து வந்தது? இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதுப் பையனுக்கு? நான் ஒரு நாளாவது இப்படி ஒரு வரி எழுதியிருக்கிறேனா?

"யார் எழுதின லெட்டர் அது, இப்படி முறைச்சு முறைச்சுப் படிக்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள். அவளிடமும் சிடுசிடுத்தான்.

நாற்பத்தேழாம் பக்கத்தில்தான் அவனுக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. அங்கே ஒரு தப்பு இருந்தது.

'சர்வர் பதில் தராவிட்டால், விடாதே. உடனே மறுபடி கேள்.'

சர்வர் திணறிக்கொண்டிருக்கும்போது ஆயிரம் பேரும் உடனே மறுபடி கேட்டால், அது ஒரேயடியாகப் படுத்துவிடும். கொஞ்சம் விட்டு, போகப் போக இன்னும் கொஞ்சம் விட்டுத்தான் கேட்க வேண்டும். இதை அந்தக் கம்பெனியில் கண்டிப்பாகக் கேட்பார்கள். ஜெபசீலன் இதைச் சொன்னால், அந்த இடத்திலேயே அவன் கதை முடிந்தது.

பூவராகன் அன்று முதல் தடவையாக நன்றாகச் சாப்பிட்டான். சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது என்று சமாதானமும் செய்துகொண்டான்.

மற்ற பக்கங்களை மனப்பாடம் செய்தான்.

*

புதன்கிழமை ஒத்திகை. மெஹருன்னிசா இன்டர்வியூ எடுக்கிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க டீம்ல ஒருத்தர் எழுதினது நல்லா ஓடுது. ஆனா யாருக்கும் புரியல. அவர்கிட்ட என்ன சொல்வீங்க?"

பூவராகன் தடங்கல் இல்லாமல் சொன்னான். லீவில் இருக்கும் நாள், எடுத்துப் பார்க்கிறவன், அவனுக்காக ஒரு வரி.

"நல்லா இருக்கு. யாரோட பதில் இது?"

பூவராகன் ஃபேனைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"ஜெபசீலனோடது. அன்னைக்கு நோட்டைப் படம் பிடிச்சுட்டேன் மேடம்."

"எத்தனை பக்கம்?"

"முப்பது."

"அவ்வளவுதானா? நான் ரெண்டு தடவை உள்ள போனேனே."

அவனுக்குக் காது சுட்டது.

மெஹருன்னிசா அலமாரியிலிருந்து நீல நோட்டை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"முதல் பக்கம் பார்த்தீங்களா?"

"இல்ல. நடுவுல பிரிச்சேன்."

"பாருங்க."

பிரித்தான். மேலே ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி. கீழே அதே சாய்ந்த கையெழுத்து.

'என் வேலையைப் படித்துப் பார்த்து பூவராகன் அண்ணன் எழுதிய குறிப்புகள். இந்தக் கம்பெனியை விட்டுப் போனால் இவை எனக்குக் கிடைக்காது. அதனால் கையால் எழுதி வைத்துக்கொள்கிறேன்.'

அவன் பக்கத்தைத் திருப்பினான். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தான். அந்த வருடம் தினமும் சாயங்காலம் அந்தப் பையன் எழுதியதைப் படித்து, நாலு வரி தட்டி அனுப்பிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போனது ஞாபகம் வந்தது. என்ன தட்டினோம் என்பதுதான் ஒன்றுகூட ஞாபகமில்லை.

அப்போதாவது அந்த வயிற்றெரிச்சல் விட்டதா? இவ்வளவு நன்றாக எழுதிய அந்தப் பழைய பூவராகன்மேல் ஒரு நிமிடம் பொறாமையாக இருந்தது.

பிறகு வெட்கமாக இருந்தது. வெட்கத்தின் நடுவே நாற்பத்தேழாம் பக்கம் ஞாபகம் வந்தது.

மெஹருன்னிசா தொண்டையைச் செருமினார்.

"நீங்க வளர்த்துவிட்ட ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்க."

பூவராகன் வாயைத் திறந்தான். காலிங்பெல் அடித்தது.

"அவசரமில்ல," என்றார் அவர். "பதில் சொல்லிட்டே போய்த் திறக்கலாம்."

அவன் நோட்டோடு எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

வாசலில் ஹெல்மெட்டும் கையுமாக ஜெபசீலன்.

"அண்ணே, நீங்களா? என் நோட்ட இங்கன வச்சிட்டுப் போயிட்டேன். வந்து எடுத்துக்கிடச் சொன்னாவ அக்கா. நாளைக்கு இன்டர்வியூல்லா, அது இல்லாம கையும் ஓடல, காலும் ஓடல."

பூவராகன் நோட்டைக் கொடுக்கவில்லை. பிரித்து, பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனான்.

"நாற்பத்தேழாம் பக்கத்துல உனக்குத் தப்பாச் சொல்லியிருக்கேன்டா. ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா. பேனா வெச்சிருக்கியா?"