நாலு மாத மௌனமும் ஒரு கடைசித் தேதியும்

செம்மலை அடிவாரத்து ஆசிரமத்தில் ஒரு விதி இருந்தது. அம்மையார் சொல்லாமல் அங்கே சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார்கள். அம்மையார் போட்ட விதியா என்றால், இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு ரொம்ப நாள் தெரியாது. சீடர்களே தங்களுக்குள் போட்டுக்கொண்டு, அதில் ஒரு பெருமையும் பட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பெருமை மற்றவர்களைவிடத் தணிகாசலத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கோவையில் ஒரு மில்லில் கம்ப்யூட்டர் பிரிவைக் கட்டி ஆண்டவர். மனைவி தவறிப்போன பிறகு வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். அம்மையாரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்தான். ஆனாலும் வாய் நிறைய "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். ஆசிரமத்தின் இலவச வைத்தியசாலையில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. சும்மா சொல்லக் கூடாது, அக்கறையாகத்தான் பார்த்துக்கொண்டார்.

அங்கே வலிப்பு நோய்க்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். முக்கால்வாசி குழந்தைகள். யாருக்கு எந்த மாத்திரை, என்ன அளவு, எப்போது கூட்டினார்கள், எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும். முன்பு ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "அதெல்லாம் எதுக்கும்மா? தொலைச்சுட்டு வந்து நிப்பீங்க. எல்லாம் உள்ள இருக்கு" என்று சீட்டை நிறுத்தியவர் தணிகாசலம்தான்.

அந்த வருஷம் ஒரு சேதி வந்தது. இந்தக் கம்ப்யூட்டர்களை இயக்குகிற சாஃப்ட்வேர் பழசாகிவிட்டது. ஐப்பசி பிறப்பதற்குள் அதற்குக் கொடுக்கும் பாதுகாப்பை நிறுத்திவிடுவோம், எல்லாரும் புதுசுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அதைத் தயாரித்த கம்பெனி அறிவித்தது. ஆசிரமத்து மெஷின்களில் பாதி, புதுசைத் தாங்காது. அவற்றையே மாற்றியாக வேண்டும்.

அம்மையாரோ வருஷா வருஷம் ஆனிப் பௌர்ணமியிலிருந்து ஐப்பசிப் பௌர்ணமி வரை மௌனம் இருப்பவர். பேச மாட்டார், எழுதிக் காட்ட மாட்டார், சைகையும் கிடையாது. மௌனம் தொடங்குகிற அன்று காலையில் கூடம் நிறையக் கூட்டம். மாலையும் பழமுமாக நின்றவர்களுக்கு நடுவே புகுந்து தணிகாசலம் விஷயத்தைச் சொன்னார்.

"அப்படின்னா மெஷின் நின்னுடுமா?" என்று கேட்டார் அம்மையார்.

"நிக்காதும்மா. ஓடும். ஆனா எங்கேயாவது ஓட்டை விழுந்தா அடைக்க யாரும் வர மாட்டாங்க."

"நாள் இருக்கா?"

தேதி மௌனத்துக்கு நடுவில் வருகிறது என்று தணிகாசலத்துக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் பின்னால் ஒருவர் பழத்தட்டோடு முதுகில் இடித்துக்கொண்டிருந்தார். நல்ல நேரத்தில் வந்து மெஷின், ஓட்டை என்று பேசுகிறோமே என்று மனுஷனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"இருக்கும்மா. மெதுவாப் பார்த்துக்கலாம்."

அன்று மாலையே அம்மையார் குடிலுக்குள் போய்விட்டார்.

ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று. வைத்தியசாலையில் ரெஜினா என்று ஒரு நர்ஸ் உண்டு. மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற ரகம்.

"என்ன சார், அந்தத் தேதி நெருங்குதே. புது மெஷின் எப்ப வருது?"

"அம்மா மௌனத்துல இருக்காங்க சிஸ்டர்."

"மௌனம்னா காது கேக்காதா?"

"கேக்கும். பதில் வராதே."

"இதுல உங்களுக்குத் தெரியாததா அம்மாவுக்குத் தெரியப் போகுது? மாத்திட்டு அப்புறமா சொல்லிக்குங்க சார். உங்களை அடிக்கவா போறாங்க?"

"நீங்க வேலைக்கு வந்திருக்கீங்க. நான் சீடன்" என்றார் தணிகாசலம்.

என்ன பதில் பாருங்கள்! உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, ரெஜினா எழுந்து போய்விட்டாள்.

ஆனாலும் அவள் சொன்னது அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. கெடுவுக்கு நாலைந்து நாள் முன்னால் குடிலுக்குப் போனார். அம்மையார் ஜன்னலோரம் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அன்னைக்குச் சொன்னேனே, கம்ப்யூட்டர். இந்த வாரத்தோட கெடு முடியுதும்மா. மாத்தட்டுமா?"

அம்மையாரின் கை நின்றது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

தணிகாசலம் கைகட்டி நின்றார். ஒரு தலையசைப்பு போதும் அவருக்கு. அது வரவில்லை. விழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"உத்தரவு ஆகலை" என்று ரெஜினாவிடம் சொன்னார்.

கெடு வந்தது, போனது. மறுநாள் காலையில் பயந்துகொண்டே ஒவ்வொரு மெஷினாகப் போட்டுப் பார்த்தார். எல்லாம் எப்போதும்போல் சமர்த்தாக எழுந்துகொண்டன. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. அட, இதற்குப் போய் இவ்வளவு பயந்தோமே என்று அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"எல்லாம் அம்மாவோட அருள் சிஸ்டர்."

"நல்லதுதான் சார்" என்றாள் ரெஜினா.

அருள் ஒரு வாரம் நீடித்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் எந்தக் கம்ப்யூட்டரைப் போட்டாலும் ஒரே கறுப்புத் திரை, அதில் சிவப்பு எழுத்து. உங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டோம், கேட்டதைக் கொடுத்தால் திறந்துவிடுகிறோம் என்று எங்கேயோ இருக்கிற எவனோ எழுதியிருந்தான். நகல் எடுத்து வைத்த பெட்டியையும் அதே மெஷினோடு மாட்டி வைத்திருந்தார்கள். அதுவும் போச்சு.

வெளியே மாத்திரைக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். முதலில் நின்றவள் காளியம்மா. செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். அவள் மகள் தேன்மொழிக்கு இரண்டு வருஷமாக வலிப்பே வரவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் போன மாதம்தான் வெளிநாடு போயிருந்தார். புது டாக்டர் டவுனில் இருந்தார், ஃபோனில்தான் கேட்க வேண்டும்.

"போன தடவை என்ன மாத்திரை குடுத்தாங்கம்மா?" என்று கேட்டாள் ரெஜினா.

"வெள்ளை மாத்திரைங்க சிஸ்டர். உறையில போட்டுக் குடுத்தீங்க. கூட்டிக் குடுத்திருக்கேன்னு டாக்டர் சொன்னாருங்க."

பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளை. பலம்தான் வேறே வேறே.

"கூட்டினது போன தடவை இல்லம்மா, அதுக்கு முந்தின தடவை" என்று குறுக்கே புகுந்தார் தணிகாசலம். "நான்தானே டைப் பண்ணினேன், ஞாபகம் இருக்கு. கூட்டினப்புறம் இருநூறு மில்லிகிராம்."

"நிச்சயமா சார்?"

"நிச்சயமா சிஸ்டர்."

புது டாக்டர் ஃபோனில் கேட்டபோதும் தணிகாசலம் அதையே சொன்னார். ஒரு குழந்தைக்காவது தடங்கல் இல்லாமல் பார்த்துக்கொண்டோம் என்று அவருக்கு அப்போது ஒரு ஆறுதல்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் தேன்மொழிக்கு வலிப்பு வந்தது. விடாமல் வந்தது. பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ரொம்ப நேரமாகிவிட்டது. குழந்தை பிழைத்துக்கொண்டாள். ஆனால் வலது கையைத் தூக்க வரவில்லை, பேச்சும் வரவில்லை. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள்.

ரெஜினா அன்றைக்கே வெளிநாட்டுக்குப் போன டாக்டரை எப்படியோ பிடித்துக் கேட்டாள். அவர் கடைசியாகக் கொடுத்தது முந்நூறு.

மறுநாள் காளியம்மா வந்தாள். அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தணிகாசலம் தாங்கியிருப்பார். அவள் கும்பிடு போட்டுவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"சார், அங்க பெரிய டாக்டரு முந்தி குடுத்த அளவைக் கேக்கறாருங்க. உங்க கம்ப்யூட்டரு சரியாயிடுச்சுங்களா?"

"இல்லம்மா."

"பரவாயில்லீங்க. உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்குமே. சொல்லுங்க, போய்ச் சொல்லிடறேன்."

தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முந்நூறும்மா."

காளியம்மா தலையாட்டினாள். மறந்துவிடாமல் இருக்க ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாலடி நடந்தவள் நின்று திரும்பினாள்.

"அன்னைக்கு இருநூறுன்னீங்களே சார்?"

தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காளியம்மா வைத்தியசாலைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது அவருக்கு.

நேரே குடிலுக்கு ஓடினார். அம்மையார் காலடியில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னார். கூட்டத்தில் கூச்சப்பட்டு நாள் இருக்கிறது என்று சொன்னது, ரெஜினாவை மட்டம் தட்டியது, தெரிந்த மாதிரி அளவைச் சொன்னது, படியில் உட்கார்ந்திருக்கிற தாய், ஒன்று விடவில்லை. குழந்தைபோல விசும்பிக்கொண்டே சொன்னார்.

"இப்ப பதில் வேணாம்மா. மௌனம் முடியட்டும். அப்புறம் எனக்கு என்ன தண்டனைன்னு சொல்லுங்க. இந்த ஆசிரமத்தை விட்டுப் போன்னாலும் போயிடறேன்."

அம்மையார் எழுந்தார். செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் வெளியே வந்து, முற்றத்தைக் கடந்து, வைத்தியசாலைப் படியில் காளியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மௌன காலத்தில் அவர் குடிலைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. சீடர்கள் அங்கங்கே வேலையைப் போட்டுவிட்டு நின்றார்கள்.

"குழந்தை இப்ப எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டார் அம்மையார்.

"சிவ சிவா!" என்று யாரோ ஒருவர் வாய்விட்டு அலறியே விட்டார். பின்னாலேயே ஓடிவந்த தணிகாசலம் பதறிப்போனார்.

"அம்மா! மௌனம்! இன்னும் ஒரு வாரம்தானே பாக்கி!"

அம்மையார் அவர் பக்கம் திரும்பவில்லை. காளியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேச மாட்டேங்குதுங்க" என்றாள் காளியம்மா. "வாயைத் திறக்குது, சத்தம் வர மாட்டேங்குது. அம்மான்னுகூடக் கூப்பிட மாட்டேங்குது." அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அவள் அழுது முடிக்கிற வரைக்கும் அம்மையார் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அவள் கையைப் பிடித்து எழுப்பினார்.

"வாம்மா. நானும் வர்றேன். அந்த டாக்டர்கிட்ட நாங்களே சொல்லணும்."

ரெஜினா ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினாள். வாசல்வரை தணிகாசலம் கூடவே நடந்தார். கண்ணைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"எல்லாம் என் தப்புதானேம்மா" என்றார். "நான் பண்ணினதுக்கு உங்க விரதம் கெடணுமா?"

அம்மையார் நின்றார்.

"குடிலுக்கு வந்து 'மாத்தட்டுமா'ன்னு கேட்டீங்களே?"

"ஆமாம்மா."

"'மாத்துங்க'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்."