பதினோராவது வளைவில் ஒரு ஊர்

இதைப் படிச்சா நீங்க கட்டாயம் சிரிப்பீங்க. இப்பவே இல்ல. கொஞ்சம் பொறுங்க. லூர்துகிட்டயும் அன்னைக்கு இதையேதான் சொன்னேன்.

எங்க ஊர் கொடைக்கானல். ஊர் உலகமே எங்களைப் பார்க்க ஏறி வரும். நாங்க எதையும் பார்க்க இறங்கினதில்ல. பதினாறு வயசாகியும் நான் கடலைப் பார்த்ததே இல்ல. இந்த மே மாசம்தான் எங்க தெருப் பசங்க சேர்ந்து ராமேஸ்வரத்துக்கு வேன் பிடிச்சோம். ஆனா ஒரு சீட் குறைச்சல். வேன் பிடிச்ச அந்தோணி அண்ணன் சொல்லிட்டார்: உட்கார்ந்தவன் கடலுக்கு, நிக்கிறவன் வீட்டுக்கு.

சாதாரண ஆளா இருந்தா நேரா போய் உட்கார்ந்திருப்பான். எனக்கு மூளை ஜாஸ்தி. முண்டியடிச்சு ஏறுறதெல்லாம் எதுக்கு? ஒரே ஒருத்தனை வெளியவே நிறுத்திட்டா, கடைசி சீட் தானா எனக்குத்தான். எங்க தெரு லூர்து, முருகாயி அக்கா டீக்கடை பெஞ்சுல சாவகாசமா உட்கார்ந்திருந்தான். வேன் எதிர்லயே நின்னுச்சு. பின் ஜன்னலோரம் ஒரு சீட் மட்டும் காலியாத் தெரிஞ்சுது. ஒரு கண்ணை அது மேல வச்சுக்கிட்டே லூர்துகிட்ட கதையை ஆரம்பிச்சேன்.

போன வருஷம் சீசன்ல வத்தலக்குண்டு போய்ட்டுத் திரும்பறேன். பதினோராவது கொண்டை ஊசி வளைவுல டிராஃபிக் ஜாம். முதல் நாள் எல்லாரும் ஹாரன் அடிச்சாங்க. மூணாம் நாள் காருக்குக் கார் கொடி கட்டித் துணி காயப் போட்டாங்க. என் பக்கத்துக் கார்ல கோயமுத்தூர் அம்மா. அந்தக் குரலை அப்படியே எடுத்து விட்டேன்: "ஏனுங்க தம்பி, வண்டியைச் சித்த தள்ளி நிறுத்துனீங்கன்னா வாசல் தெளிச்சுக் கோலம் போட்டுக்குவேனுங்க."

சோத்துக்கு என்ன பண்ணாங்கன்னு லூர்து கேட்டான். என்ன பண்ணுவாங்க, ரேஷன்தான். கார்டுல விலாசமே பதினோராவது வளைவு, வெள்ளைக் கார், பின் சீட்டுன்னு போட்டிருக்கும். வார்டு பிரிச்சாங்க, எலெக்ஷன் வந்துச்சு. நின்னு போன லாரி மேல ஏறி ஒருத்தர் ஓட்டு கேட்டார். தொண்டை கட்டின அந்தக் குரல்லயும் பேசிக் காட்டினேன். அக்கா டீ ஆத்துறதை நிறுத்தவே இல்ல.

அப்புறம் ஒரு கல்யாணம். முன்னாடி கார்ப் பொண்ணு, பின்னாடி பஸ் பையன். மூணு வண்டி தாண்டி வாக்கப்பட்டுப் போறா. பெத்தவங்க அழுத அழுகை இருக்கே! இவ்வளவு தூரத்துல கட்டிக் கொடுத்துட்டோமே, நல்லது கெட்டதுக்கு எப்படிப் போய் வரப் போறோம்னு. மாப்பிள்ளை அதுக்கும் மேல. பொழப்புக்காகப் பத்து வண்டி முன்னாடி ஒரு வேனுக்கு வேலைக்குப் போய்ட்டார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. வரும்போது எல்லாருக்கும் செண்ட்டு பாட்டில்.

அக்கா இப்பதான் வாயைத் திறந்தாங்க. "ஏன்டா செல்வின், நீ வத்தலக்குண்டு போன அன்னைக்கு சாயங்காலமே இங்க உட்கார்ந்து பஜ்ஜி தின்னியே?"

"அது லீவுல வந்தேன்க்கா."

லூர்து சிரிக்கல. "நீ சொன்ன சிரிப்பு இன்னும் வரலையே"ன்னான். வருது வருதுன்னேன். வேனைப் பார்த்தேன். சீட் காலியாத்தான் இருந்துச்சு. எனக்குள்ள அலையே அடிச்சுது.

சொல்லிக்கிட்டே போனேன். ஜாமைப் பார்க்கவே மதுரையில இருந்து பஸ் பஸ்ஸா ஆளுங்க வந்தாங்க. அதுல இன்னொரு ஜாம். மைக் பிடிச்ச கைடு ஒருத்தர்: "லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன், இடது பக்கம் நீங்க பார்ப்பது இந்த ஊர்ப் பழங்குடிகள், நாலு வாரமா இங்கேயே வாழ்றாங்க. தயவுசெய்து பிஸ்கட் போடாதீங்க." கடைசியா போலீஸ் வந்து ரோட்டைத் திறந்து விட்டா, ஒருத்தரும் நகரல. பொறந்து வளர்ந்த மண்ணை விட்டு எங்கே போறதுன்னு மறியல். சீசன் வந்தா கண்ட கண்ட ஊர்க்காரனும் வந்து குப்பை போடுறான்னு புலம்பல் வேற. கொடைக்கானல்லயே பொறந்த என்னை நிறுத்தி, டூரிஸ்டுன்னு நுழைவுக் கட்டணம் வசூல் பண்ணிட்டாங்கடா. அந்த ரசீதுல பார்த்தா...

வேன் ஹாரன் அடிச்சுது.

ரசீதை அந்தரத்துல விட்டுட்டு ஒரே பாய்ச்சல். லூர்து எந்திரிக்கக்கூட இல்ல. படியில தாவி, பசங்க காலையெல்லாம் மிதிச்சுக்கிட்டுப் பின் சீட்டுக்குப் போனேன்.

சீட் மேல சிவப்புக் கட்டம் போட்ட துண்டு ஒண்ணு, நாலு மூலையும் இழுத்து விட்டு அழகா விரிச்சிருந்துச்சு. யாருதுடா இதுன்னேன். எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தாங்க, என்னமோ இன்னைக்குத்தான் முதல் தடவையா பார்க்கிற மாதிரி.

லூர்து மிச்ச டீயையும் குடிச்சுட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு, ஒவ்வொரு படியா ஏறி வந்தான்.

"கொஞ்சம் தள்ளிக்க செல்வின். விடியக்காலையே ஜன்னல் வழியா துண்டைப் போட்டுட்டுத்தான் டீ குடிக்க வந்தேன்."