போய்ச் சேரும் நேரம்

செல்லையா பேருந்து நடத்துநர். அவர் நெஞ்சுக்குள் பெரிய ரத்தக் குழாய் பலூன் போல வீங்கியிருந்தது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து மாற்றித் தைக்கத்தான் அறுவை அரங்குக்கு அழைத்து வந்தார்கள். மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் மூச்சுக் குழாயைச் செலுத்திய அரை நிமிடத்தில், ரத்த அழுத்தம் நூற்றிருபதிலிருந்து இருநூற்று முப்பதுக்குத் தாவியது. மார்பைத் திறக்கும் முன்பே வீக்கம் வெடித்தது.

குழாயைச் செலுத்தியவள் தெய்வநாயகி. பன்னிரண்டு ஆண்டுகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உழைத்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் மயக்கவியல் படிக்க வந்தவள். அவளுடைய பேராசிரியர் மெஹருன்னிசா பக்கத்து அரங்கிலிருந்து ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அளவெல்லாம் சரியாத்தான் கொடுத்தேன், மேடம். குறிப்புலயும் எழுதியிருக்கேன்."

"கொடுத்தே. போய்ச் சேர்ந்துச்சா?"

தெய்வநாயகி விழித்தாள்.

"வலியை அடக்குற மருந்து. கையில ஏத்தினதும் ஓடிப்போய் மூளையில உட்கார்ந்துக்குமா? எத்தனை நிமிஷம் ஆகும்?"

"நாலு."

"நீ எத்தனை நிமிஷம் பொறுத்தே?"

"ஒண்ணு. என்னம்மா, தாலாட்டா பாடுறீங்கன்னு சர்ஜன் கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க."

"அவங்க சிரிச்சாங்க. மருந்து போய்ச் சேரும் முன்னாடி ஆள் போய்ச் சேர்ந்துட்டார்."

சொல்லிவிட்டு மெஹருன்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆழ்ந்த மயக்கத்துல இருந்தார், மேடம். அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

"அவருக்குத் தெரியாது. குழாய்க்கு வழி பண்ணத் தொண்டையில இரும்புக் கருவி நுழைஞ்சது அவர் உடம்புக்குத் தெரியும்."

வெளியே காத்திருந்த மனைவியிடம் சர்ஜன் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்: "இதயம் தாங்கலைம்மா." பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை; வசதியான வாக்கியம்.

"நாமளும் அதோட விட்டுடலாமா, மேடம்?" என்றாள் நாயகி.

மெஹருன்னிசா கையைக் கழுவிக்கொண்டு வெளியே நடந்தார். நாயகி பின்தொடர்ந்தாள்.

செல்லையாவின் மனைவி பாக்கியத்தாய், அவருடைய சட்டையும் செருப்பும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு தலையில் அடித்து அழுதுகொண்டிருந்தார். மெஹருன்னிசா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, நான்தான்..." என்று நாயகி வாயெடுத்தாள்.

பேராசிரியர் அவள் மணிக்கட்டைப் பற்றி அழுத்தினார். அழுகை ஓய்ந்து, அந்த அம்மாள் தாமாக முகம் நிமிர்த்தும்வரை பிடியை விடவில்லை. பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"இதயம் தாங்கலைன்னு உங்ககிட்ட சொன்னது பாதிதான்மா," என்றாள் நாயகி. "மருந்து வேலை செய்யற வரைக்கும் நான் இன்னும் மூணு நிமிஷம் பொறுத்திருக்கணும். பொறுக்கலை. அதனாலதான் அழுத்தம் ஏறிடுச்சு."

பாக்கியத்தாய் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்படி என்னம்மா அவசரம் உனக்கு?"

பாக்கியத்தாய் பையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி எழுந்து போனார்.

அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் நாயகி சரிந்து உட்கார்ந்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கனம் எப்ப இறங்கும், மேடம்?"

"எனக்கு இன்னும் இறங்கலை, நாயகி," என்றார் மெஹருன்னிசா. "பத்தொன்பது வருஷம்தானே ஆச்சு."