விளக்கு வெச்சா பேர் சொல்லாதது

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால, உங்க தாத்தனுக்குத் தாத்தன் தொட்டில்ல கிடந்ததுக்கும் முன்னால, மணிக்குன்றம்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. 'உம்' கொட்டிக்கிட்டே கேளுங்க. கொட்டலைன்னா தூங்கிட்டீங்கன்னு நான் எந்திரிச்சுப் போயிடுவேன், ஆமா!

ஒரு சாயங்காலம், விளக்கு வெச்ச நேரம், கையில நீலக் குப்பியோட மந்திரவாதி ஒருத்தன் அந்த ஊருக்கு வந்தான். பேரு புகைமுகன். வெயில்னா அவனுக்கு ஆகாது, பகல்ல தலையே காட்ட மாட்டான். சந்தையில நின்னு, "அம்மாமாரே, ஐயாமாரே, வீட்டுல பூச்சி பொட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?"ன்னு ரொம்பப் பணிவா கேட்டான்.

நம்ம ஜனங்களைத்தான் தெரியுமே! ஒருத்தன் தும்மினா ஒன்பது பேரு வைத்தியம் சொல்லுவாங்க. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருப்பாங்களா?

"அரிசிப் பானையில வேப்பிலை போடுவோம்!" டக்! குப்பி திறந்து மூடுச்சு. ஊரு வேப்பிலை எல்லாம் கசப்பு போயி சப்புன்னு ஆயிடுச்சு.

"கொசுவுக்கு நொச்சி மூட்டம்!" டக்! நொச்சியோட வாசம் போச்சு.

"எறும்புக்கு மஞ்சள்!" டக்! மஞ்சள்ல நிறம்தான் மிச்சம்.

பேரைச் சொன்னா போதும், அதோட குணம் குப்பிக்குள்ள போயிடும். மறுநாளே அரிசியில வண்டு, அடுப்படியில கரப்பான், பாயில மூட்டைப்பூச்சி. சாயங்காலம் புகைமுகன் வந்து வீடு வீடா நீலப்புகை வித்தான். ராஜாவே வாங்கினாரு. பூச்சி எல்லாம் பொத்து பொத்துன்னு விழுந்துச்சு. ஆனா நாலு நாள் கழிச்சு ரெண்டு பங்கா திரும்பி வந்துச்சு. பின்ன என்ன, பூச்சியைத் தின்னுற பல்லியும் சிலந்தியும் சேர்ந்துல்ல செத்துப்போச்சு! ஊரு திரும்பவும் அவன்கிட்டயே ஓடுச்சு.

அந்த ஊர்ல நாட்டு மருந்துக் கடை வெச்சிருந்தவ குயிலாயி. அவளும் புகையை வாங்கி ஊதினா. ஊதின அன்னைக்குத் தொட்டில்ல தூங்கின அவ பிள்ளை சிங்காரம் கண்ணையே திறக்கல. பாலுக்கும் எந்திரிக்கல. உலுக்கினா, பாடினா, அழுதா. நாலு நாள் ஆச்சு, ம்ஹூம்!

"ச்ச்... ச்ச்... ச்ச்... தாயி!" உத்தரத்து இடுக்குல தப்பிப் பிழைச்ச பல்லி ஒண்ணு பேசுச்சு. "அந்தக் குப்பி அவன் கையில இருக்கிற வரைக்கும் பிள்ளை எந்திரிக்காது. அவனுக்குப் பேர் தெரியாத மருந்து ஒண்ணு இருந்தா, அதைத் தேடி அவனே வந்து மாட்டுவான். உன்கிட்ட இருக்கா?"

"எல்லாத்தையும்தான் உளறித் தொலைச்சாங்களே!"ன்னு பிள்ளை கையைப் பிடிச்சவ, சட்டுன்னு நிமிர்ந்தா. வீடு முழுக்கத் திரும்பவும் எறும்பு. ஆனா சிங்காரம் கையைச் சுத்தி ஒரு எறும்பைக் காணோம். கையில வேர்த் துண்டு கோத்த மருந்து வளையல். விளக்கு வெச்சப்புறம் அந்த வேரோட பேரை அந்த ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க. அவன் வந்ததெல்லாம் விளக்கு வெச்சப்புறம்தானே!

சேலையை இழுத்துச் சொருகினா. வீட்டைப் பெருக்கினா, பாயையும் அரிசியையும் வெயில்ல போட்டா, சுவத்து ஓட்டையைக் களிமண்ணால அடைச்சா. அந்த வேரை இழைச்சு வாசப்படி, மூலை முடுக்கெல்லாம் பூசினா. ஒளிஞ்சிருந்ததைப் பல்லி பார்த்துக்கிச்சு. பொழுது சாயறதுக்குள்ள வீடு பளிச்! "எங்களுக்கும் குடு"ன்னு ஊரே வாசல்ல நின்னுச்சு.

புகைமுகன் பதறி ஓடி வந்தான். "ஏ பொம்பளே, அது பேரு என்ன?"

"விளக்கு வெச்சாச்சு ஐயா. விடிஞ்சு வாங்க."

"பொன் தரேன், பேரு என்ன?"

"விளக்கு வெச்சாச்சு ஐயா. விடிஞ்சு வாங்க."

"உன்னைத் தவளையாக்கிடுவேன்! பேரு என்ன?"

"தவளையானா வாய் திறந்து பேர் சொல்லுவேனா? விடியட்டும் ஐயா."

பேர் தெரியாம நகர மாட்டேன்னு வாசல்லயே சம்மணம் போட்டு உக்காந்துட்டான். கோழி கூவுச்சு. "சொல்லு!" "இருங்க, வாசல் தெளிச்சுக்கறேன்." காக்கா கரைஞ்சுது. "சொல்லு!" "இருங்க, முகம் கழுவிக்கறேன்." அவ வாயையே பார்த்துக்கிட்டிருந்தவன் வானத்தைப் பார்க்க மறந்துட்டான், மடையன்!

பளீர்னு சூரியன் வந்துச்சு. குயிலாயி இடுப்புல கை வெச்சு நின்னா. "இப்பக் கேட்டுக்கோ. வசம்பு!"

தெருவே சேர்ந்து கத்துச்சு, "வசம்பு! வசம்பு! வசம்பு!"

அவசரமா குப்பியைத் திறந்தான். வெயில் பட்டு அவனே புகையாகி, சர்ருன்னு அதுக்குள்ள போயிட்டான். டக்! உள்ளே இடம் கொள்ளாம குப்பி படார்னு வெடிச்சுது, புகை காத்தோட போச்சு. வேம்பு கசந்துச்சு, நொச்சி மணந்துச்சு. உள்ளே, "ங்ஙா!"

பிள்ளை பசிச்சு அழறது அவ்வளவு இனிக்கும்னு குயிலாயிக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. வாரி எடுத்து மடியில போட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே அழுதா.

"என்ன வேணும், கேளும்மா"ன்னாரு சேதி கேட்டு ஓடி வந்த ராஜா.

"இனிமே யாரும் பல்லியை விளக்குமாத்தால விரட்டக் கூடாது, மகாராஜா."

"ச்ச்... ச்ச்... ச்ச்!" ஆமா போட்டுச்சு பல்லி.

என்ன, விளக்கு வெச்ச நேரத்துல நான் பேரைச் சொல்லிட்டேன்னு முறைக்கிறீங்களா? கதைக்குள்ள விடிஞ்சாச்சு, போய்த் தூங்குங்க!