பூவாத்தாள் இடத்தில் பொன்னுரங்கம்

மலைக்காட்டு மன்றத்தில் எல்லா இடங்களிலும் ஆண்களே உட்கார்ந்திருந்தார்கள். யானை கொம்பையா தலைவர். ஆண் கருமந்தி ஒன்று செயலாளர். காட்டுப்பன்றி வேலப்பன் பழைய உறுப்பினர். தலைவர் வாயைத் திறக்கும் முன்பே முன்னங்காலைத் தூக்கி ஆதரவு தெரிவிப்பது அவன் வேலை.

ஒருநாள் பெண் விலங்குகள் எல்லாம் சேர்ந்து ஓடைக்குப் போகும் பாதையை மறித்துக்கொண்டன.

"நாங்களும் இந்தக் காட்டுலதான் இருக்கோம். மன்றத்துல எங்கள்ல ஒருத்தி கூட இல்லையே, ஏன்?"

இதற்குப் பதில் யோசித்து யோசித்து மன்றத்தாருக்கு நாக்கு வறண்டதுதான் மிச்சம். தாகம் தாங்காமல் சட்டத்தைத் திருத்தினார்கள். இனி பாதி இடங்கள் பெண்களுக்கு.

"போச்சு, பாதி மன்றம் போச்சு" என்று வேலப்பன் புலம்பினான்.

"எங்கய்யா போகுது? வீட்டுக்கார அம்மாவை நிக்க வை. இடம் உன் வீட்டுக்குள்ளதானே இருக்கும்" என்றார் கொம்பையா.

வேலப்பன் முகம் மலர்ந்தது. மனைவி பழனாத்தாளை நிறுத்தினான். அவளும் ஜெயித்தாள். ஜெயித்த செய்தியை அவளிடம் சொல்லத்தான் அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இருவாச்சிப் பறவை பூவாத்தாள் அப்படி ஜெயித்தவள் இல்லை. மரம் மரமாகப் பறந்து ஓட்டுக் கேட்டாள். "பொந்து மரங்களை யாரும் தொடக் கூடாது. அதுக்காகத்தான் நிக்கிறேன்" என்றாள். ஆந்தைகளும் கிளிகளும் பறக்கும் அணில்களும் அவளுக்கு வாக்களித்தன.

ஆனால் ஜெயித்த கையோடு முட்டையிடும் காலம் வந்துவிட்டது. இருவாச்சிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், சேற்றையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு இடுக்கு மட்டும் இருக்கும். உள்ளே அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும். புதுச் சிறகு முளைக்கும் வரை அதனால் பறக்க முடியாது. ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

"மன்றத்துக்கு யார் போறது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் பூவாத்தாள்.

"நான் எதுக்கு இருக்கேன்? நீ சொல்றதை ஒரு எழுத்து மாறாம சொல்லிட்டு வந்துடறேன்" என்றான் அவள் கணவன் பொன்னுரங்கம்.

முதல் கூட்டத்தில் அப்படியே செய்தான். இரண்டாவது கூட்டத்தில் யாரோ அவனை "உறுப்பினரே" என்று கூப்பிட்டார்கள். அவனும் மறுக்கவில்லை. அதற்கப்புறம் கூட்டத்துக்குப் புறப்படும் முன் அலகுக்கு எண்ணெய் பூசவே அவனுக்கு அரை நாள் ஆனது. பழம் வருவதும் தாமதமானது.

"கூட்டத்துல என்ன பேசுனாங்க?"

"பெரிய பெரிய விஷயம். உனக்கு எதுக்கு இப்ப அதெல்லாம்? அத்திப்பழத்தைச் சாப்பிடு."

"அத்திப்பழமா எனக்கு ஓட்டுப் போட்டுச்சு?"

"அடைகாக்குற நேரத்துல கோபப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டான்.

மற்ற பெண் உறுப்பினர்களின் கதையும் இதேதான். ஒருத்திக்குக் குட்டி, ஒருத்திக்குக் கால்வலி, ஒருத்திக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவள் கணவன்தான் வந்தான். சருகுமான் நாச்சிக்கு மட்டும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்குப் பதிலாக வர ஆள் இல்லாததால் அவளே வந்தாள். முயல் உயரம்தான் இருப்பாள். ஆனால் கேள்வி கேட்காமல் வீடு திரும்பியதில்லை.

அன்றைய கூட்டத்தில் கொம்பையா துதிக்கையை உயர்த்தினார்.

"பெண்களுக்குப் பாதி இடம் கொடுத்த ஒரே காடு நம்ம காடு. அதைக் கொண்டாட வேண்டாமா? நம்ம பெண் உறுப்பினர்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுப்போம்."

வேலப்பன் தன் இடத்துக்காக ஒரு முன்னங்காலைத் தூக்கினான். மனைவி இடத்துக்காக இன்னொரு முன்னங்காலையும் தூக்கினான். மூக்கு மண்ணில் குத்த விழுந்தான்.

"இரட்டை ஆதரவு, பதிவாயிடுச்சு" என்றார் செயலாளர் மந்தி. "விழாவுக்கு ஓடை வளைவுதான் சரியான இடம். உளுத்த மரம் ஒண்ணு குறுக்கே நிக்குது. தலைவர் ஒரு முட்டு முட்டினா இடம் காலி."

"அதுல யாராவது குடியிருக்காங்களான்னு பார்த்தீங்களா?" என்று புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நாச்சிதான்.

"மரத்தைப் பத்திப் பறவைக்குத் தெரியாததா?" என்றார் கொம்பையா. "என்ன பொன்னுரங்கம், உங்க வீட்டம்மா சார்பா நீங்க சொல்லுங்க. மேடையில உங்களுக்கும் மாலை உண்டு."

பொன்னுரங்கம் ஓடை வளைவில் இருந்த தன் வீட்டை ஒருநாளும் உளுத்த மரம் என்று நினைத்ததில்லை. அவனுக்கு அது வீடு. அதுவுமில்லாமல், மாலை தன் மஞ்சள் அலகுக்கு எடுப்பாக இருக்குமா என்ற யோசனையில் அவன் இருந்தான்.

"எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றான்.

"ஏகமனதாக நிறைவேறியது" என்றார் மந்தி.

"நான் ஒத்துக்கவே இல்லையே" என்றாள் நாச்சி.

"புல்லுக்குள்ள நீ இருந்தது தெரியலையேம்மா. அடுத்த தடவை கொஞ்சம் உயரமா வா."

மறுநாள் காலை கொம்பையா அந்த மரத்தில் நெற்றியைக் கொடுத்து ஒரு முட்டு முட்டினார். மரம் நடுங்கியது. இடுக்கு வழியாக ஒரு அலகு வெளியே வந்தது.

"யாரது?"

"பயப்படாதீங்கம்மா, மன்றத் தலைவர்தான். உங்க பாராட்டு விழாவுக்கு இடம் சரி பண்றோம்."

"என் மரத்தையா இடிக்கிறீங்க? உள்ள நான் இருக்கேன். முட்டை இருக்கு. எனக்குச் சிறகு இல்லை."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? நேத்து நீங்களே ஒத்துக்கிட்டீங்களே."

"எந்த வாயால?"

"உங்க வீட்டுக்காரர் வாயால."

அதே வாய் நிறைய அத்திப்பழத்தோடு பொன்னுரங்கம் வந்து சேர்ந்தான். மரத்தையும் யானையையும் பார்த்தான். பழமெல்லாம் கீழே கொட்டியது.

"ஐயையோ, இது எங்க வீடு! நிறுத்துங்க."

"தீர்மானத்தை நிறுத்தணும்னா உறுப்பினர் சொல்லணும். நீர் உறுப்பினர் இல்லையே" என்றார் கொம்பையா.

"நேத்து என் பேச்சை வெச்சுத்தானே நிறைவேத்துனீங்க?"

"நேத்து நீர் ஆமாம்னு சொன்னீர். ஆமாம் சொல்ல யார் வேணா வரலாம். வேண்டாம் சொல்லத்தான் உறுப்பினரா இருக்கணும்."

"நான் உறுப்பினர்" என்றாள் பூவாத்தாள். "நான் எதிர்க்கிறேன்."

"அதைக் கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கம்மா."

"வர முடியாதே."

கொம்பையா வருத்தமாகத் தலையாட்டிவிட்டு மறுபடி நெற்றியைச் சாய்த்தார். அவர் கால்களுக்கு நடுவே புகுந்து மரத்தடியில் நின்றாள் நாச்சி.

"தலைவரே, அவங்களால வர முடியாது சரி. மன்றத்துக்கு என்ன, சிறகு உதிர்ந்து போச்சா? இங்க வந்து கூடட்டுமே. எந்த இடத்துல கூடணும்னு சட்டம் இருக்கா?"

கொம்பையா மந்தியைப் பார்த்தார். மந்தி வாலைப் பார்த்தார். அப்படி ஒரு சட்டம் இல்லை.

"நான் மிதிபடாம நகர மாட்டேன். கூட்டத்தைக் கூட்டுங்க" என்றாள் நாச்சி. பெண் உறுப்பினர் பாராட்டு விழாவுக்கு ஒரு பெண் உறுப்பினரை மிதித்துவிட்டுப் போவது நன்றாக இருக்காது என்று தலைவருக்கே பட்டது.

மன்றம் மரத்தடியில் கூடியது. நாச்சி சொல்லியனுப்பியதால் இந்த முறை பெண் உறுப்பினர்கள் தாங்களே வந்தார்கள். சேறு சொட்டச் சொட்ட வந்த பழனாத்தாள் நேராகக் கணவனிடம் போனாள்.

"நான் மன்றத்துல இருக்கேனாமே. எப்பயிருந்து?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன் புள்ள" என்றான் வேலப்பன்.

மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். இடிக்க வேண்டும் என்று ஆண்கள் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கினார்கள். வேலப்பன் மட்டும் மிச்சம். அவனும் தூக்கினால் பாதிக்குப் பாதி சரியாகிவிடும். அவன் ஒரு முன்னங்காலை மெதுவாகத் தூக்கினான். பழனாத்தாள் அவனைப் பார்த்தாள். கால் தானாகத் தரைக்கு வந்தது.

ஒரு ஓட்டு வித்தியாசத்தில் மரம் பிழைத்தது. அன்றே இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது: இடத்துக்கு உரியவர்தான் பேச வேண்டும், அவரால் வர முடியாவிட்டால் மன்றம் அவரிடம் போக வேண்டும். குஞ்சுகள் வெளியே வரும் வரை கூட்டம் அந்த மரத்தடியில்தான் நடந்தது. பூவாத்தாள் இடுக்கு வழியாகப் பேசினாள். கொம்பையாதான் பாவம், காதை மரத்தில் ஒட்டவைத்துக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது.

ஒருநாள் பழக்க தோஷத்தில் மந்தி பொன்னுரங்கத்தைக் கேட்டார்: "உறுப்பினரே, உங்க கருத்து?"

"உள்ள கேளுங்க. எனக்குப் பழம் பறிக்கப் போகணும்" என்று பறந்தான் அவன்.

ஒருவருக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவருடைய வாயை வேறொருவரிடம் கொடுத்தால், அந்த நாற்காலி கொடுக்கப்படவே இல்லை என்றுதான் பொருள்.