அழுகண்ணியின் கண்ணீர்

மூங்கில் காட்டுக்குள் ஒரு குட்டை இருந்தது. அதன் கரையில், ஈரப் புல்லுக்கடியில், ஊரி என்ற நத்தை குடியிருந்தது.

ஊரியின் தலையில் நான்கு கொம்புகள். மேலே இருந்த நீளமான இரண்டின் நுனியிலும் கண்கள். கீழே இருந்த குட்டையான இரண்டால் அது தொட்டும் மோந்தும் பார்க்கும். ஒரு புல் அசைந்தால் போதும், நான்கும் வெடுக்கென்று உள்ளே போய்விடும்.

எதிரே கோரைப் புல்லில் தும்பன், மினுக்கி என்ற இரண்டு ஊசித்தட்டான்கள் கணவனும் மனைவியுமாக வாழ்ந்தன.

"என்ன ஊரியக்கா, காற்றுக்குக்கூடவா பயம்?" என்று தும்பன் சிரிக்கும். "என்னைப் பாருங்கள், தலை முழுக்கக் கண்! எதையும் தடவிப் பார்க்கிற வேலையே எனக்கு இல்லை!"

கோடை வந்தது. குட்டை வற்றி நடுவில் சேறு மட்டும் மிஞ்சியது. அப்போதுதான் கரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள்.

முதலில் சில கொசுக்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் தண்ணீர் தேடிப் போன ஓர் எறும்பு. அப்புறம் ஒரு வெள்ளை அந்துப்பூச்சி. அதன் இறகு ஒன்று மட்டும் மணல் சரிவில் கிடந்தது.

"தவளைதான் தின்றிருக்கும்!" என்றது மினுக்கி.

"தவளை சேற்றுக்குள் புதைந்து கிடக்கிறதே! தின்றாலும் அது இறகை மிச்சம் வைக்காது," என்றது ஊரி.

அப்படியானால் யார்? ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டப்பகலிலும் கரை மூச்சுக் காட்டாமல் கிடந்தது.

ஒரு நாள் உச்சிவெயிலில், மணல் சரிவிலிருந்து யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. தும்பனும் மினுக்கியும் பறந்து போய்ப் பார்த்தன. ஊரியும் புல்லின் நிழலோடு ஊர்ந்து வந்தது.

அங்கே ஒரு சின்னச் செடி நின்றது. அதன் மெல்லிய இலைகள் முழுக்கச் சிவப்பு மயிர்கள். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு துளி பளபளத்தது.

"நான் அழுகண்ணி," என்றது செடி. "என் கண்ணீரைத் துடைக்க ஓர் ஆள் இல்லை. உங்களுக்குத் தாகமாக இருக்குமே, ராசா! வந்து குடியுங்கள். என் பாரமாவது குறையும்."

"ஐயோ பாவம்!" என்றது தும்பன். அதற்கு நாக்கு வறண்டிருந்தது.

"பொறு!" என்றது ஊரி. "குட்டையே வற்றிப்போன வெயிலில் இந்தத் துளி மட்டும் எப்படிக் காயாமல் இருக்கிறது?"

அது ஒரு குட்டைக் கொம்பை மெதுவாக நீட்டியது. தேன் வாசம் வந்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை. செத்த பூச்சியின் வாடை! கொம்பின் நுனி ஒரு துளியில் லேசாகப் பட்டது. பட்டதும் துளி நூலாக இழுபட்டது. ஊரி பதறிக் கொம்பை உருவிக்கொண்டது.

"ஒட்டுகிறது! போகாதே தும்பா, இது தண்ணீர் இல்லை, பசை!"

"உங்களுக்கு எதைத் தொட்டாலும் பயம்தான்! என் கண்ணுக்குத் தண்ணீர் தெரியாதா?" என்ற தும்பன், இலைமேல் போய் உட்கார்ந்தது.

அவ்வளவுதான். கால்கள் ஒட்டின. உதறியது. ஓர் இறக்கை ஒட்டியது. இன்னும் பலமாக உதறியது. சுற்றியிருந்த சிவப்பு மயிர்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அதன் பக்கம் குனியத் தொடங்கின.

விசும்பல் நின்றுவிட்டது.

"உதறு, கண்ணு," என்றது அழுகண்ணி மெல்ல. "நீ உதற உதறத்தான் என் விரல்களுக்கு வழி தெரியும்."

"மினுக்கி! என்னைத் தூக்கு!" என்று அலறியது தும்பன்.

மினுக்கி பாய்ந்தது. "நீயும் போய் ஒட்டிக்கொள்ளாதே!" என்று ஊரி குறுக்கே கத்தியது. "தும்பா, அசையாதே! மூச்சைக்கூட மெதுவாக விடு!"

தும்பன் அசையாமல் கிடந்தது. அதன் பெரிய கண்களுக்கு எல்லாம் தெரிந்தது. வளைந்து வரும் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. கண்ணை மூட இமையும் இல்லை.

ஊரியின் நான்கு கொம்புகளும் தாமாகவே உள்ளே போயின. 'ஓட்டுக்குள் போய்விடு' என்றது மனசு. ஆனால் தும்பன் இப்போது அலறவில்லை. முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகல் அலறலைவிடக் கொடுமையாக இருந்தது.

ஊரி கொம்புகளை மறுபடி நீட்டியது. இலைமேல் ஏறியது. அதன் உடம்பில் ஊறும் வழுவழுப்பு முன்னே பரவியது. பசைத் துளிகள் அதில் பிடிக்காமல் வழுக்கின.

"போய்விடு! உன் கண்ணைப் பிடுங்குவேன்!" என்று சீறியது அழுகண்ணி. ஒரு மயிர் வளைந்து ஊரியின் கண் கொம்பைத் தொட்டது. ஊரி அதை இழுத்துக்கொண்டது, மறுபடி நீட்டியது. அரம் போன்ற நாக்கால் மயிர்களை ஒவ்வொன்றாக அறுத்தது. தும்பனின் வயிற்றைச் சுற்றியவை, காலைப் பிடித்தவை, கழுத்துக்கு வந்தவை.

"இப்போது இழு, மினுக்கி!"

மினுக்கி தும்பனின் வாலைப் பற்றி இழுத்தது. தும்பன் விடுபட்டது. ஆனால் ஓர் இறக்கை கிழிந்து செடியிலேயே தங்கிவிட்டது. மிச்சமிருந்த மயிர்கள் அந்த வெறும் இறக்கையை இறுக மூடிக்கொண்டன.

மூன்று இறக்கையோடு தும்பன் மணலில் விழுந்து கிடந்தது.

"வலிக்கிறதா?" என்று கேட்டது மினுக்கி.

"இல்லை," என்றது தும்பன். "நீங்கள் தடவிப் பார்த்துச் சொன்னீர்களே, ஊரியக்கா. நான் சிரித்தேனே."

அவர்களுக்குப் பின்னால், மணல் சரிவில், அழுகண்ணி மறுபடி மெல்ல விசும்பத் தொடங்கியது. மூவரும் திரும்பிப் பார்க்காமல் நிழலுக்குப் போனார்கள்.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சி, தொட்டறிந்து நடப்பவரைக் கோழை என்று சிரிக்காதீர்கள். அந்த அச்சம்தான் உயிரைக் காக்கும்.