ஞானப்பூவுக்குப் பக்கத்து இடம்

"நம்ம சபை எப்பத்தான் ஐயா இந்த ஊருக்கு வெளிச்சமாகும்?"

வேதமுத்து இப்படிக் கேட்பது முதல் தடவை அல்ல. அவர் ஆலயக் கமிட்டியின் செயலாளர். தலை முழுக்க நரைத்தவர். போதகர் எலியாசருக்கோ அவருடைய மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் வேதமுத்து அவரைத்தான் குருவாக வரித்திருந்தார். கேள்வி கேட்பதில் குறைவைத்ததில்லை. பதில்தான் ஒருநாளும் ஒழுங்காகக் கிடைத்ததில்லை.

அன்றும் அவரே பேசிக்கொண்டு போனார். கோபுரத்துக்கு சீரியல் பல்பு போட்டாயிற்று. ஒலிபெருக்கியை நாலு திசைக்கும் திருப்பியாயிற்று. பண்டிகை தவறாமல் துண்டுப் பிரதி கொடுத்தாயிற்று. எதிர்த்தெருக்காரர் ஒருவர்கூட இந்த வாசலை மிதித்ததில்லை. கோபுரத்தை இன்னும் உயர்த்திக் கட்டினால்தான் உண்டு என்பது அவர் கட்சி.

"எதுவரைக்கும் தெரியணும் அண்ணாச்சி?"

"ஆத்துக்கு அக்கரை வரைக்கும்."

"எதிர்த்தெருவுக்கு?"

"அது பக்கத்துலதானே இருக்கு. தெரியாமலா போகும்?"

போதகர் தேநீரைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அவ்வளவுதான்.

வேதமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது.

அந்தக் கார்த்திகையில் ஆறு கரையை உடைத்தது.

ஊரின் இடுகாடு ஆற்றோரத்தில் இருந்தது. தண்ணீர் அதை இருந்த இடம் தெரியாமல் மூடிவிட்டது. மேட்டில் நின்றது ஆலயமும் அதன் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டமும்தான். சபையார் பாய் தலையணையோடு ஆலயத்துக்குள் ஒதுங்கினார்கள். எதிர்த்தெருக்காரர்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறிக்கொண்டார்கள்.

அந்தத் தெருவில் டீக்கடை வைத்திருந்த இசக்கிமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் காய்ச்சலில் இறந்துபோனாள். கரண்ட் இல்லை. பாதையும் இல்லை. உடலை வைத்திருக்கவும் முடியாது, கொண்டுபோகவும் முடியாது.

மறுநாள் காலை இசக்கிமுத்து ஆலய வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வெளியே மழையிலேயே நின்றார்.

"சாமி, தண்ணி வடியிற வரைக்கும் அவளை இந்த மேட்டுல ஒரு ஓரமாக் கிடத்திக்கிடட்டுமா?"

சபையார் அத்தனை பேரும் திரும்பி வேதமுத்துவைப் பார்த்தார்கள்.

காரணம் இருந்தது. கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். வேதமுத்துவின் மனைவி ஞானப்பூவின் கல்லறைக்குப் பக்கத்து இடம். அது அவருக்கென்று கமிட்டி ஒதுக்கிக் கொடுத்தது. சாயங்காலமானால் அவர் அங்கே போய் உட்கார்ந்து, அன்று நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொல்லிவிட்டு வருவார். ஒருநாள் தாமும் அங்கேயே படுத்துக்கொள்ளப் போகிறோம் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல். சபையார் அல்லாத எவருக்கும் தோட்டத்தில் இடமில்லை என்று விதி எழுதியவரும் அவரே.

போதகர் மட்டும் வேதமுத்துவைப் பார்க்கவில்லை. கிடத்த வேண்டாம், அடக்கமே செய்துவிடலாம், அம்மாவைக் கொண்டு வாருங்கள் என்று இசக்கிமுத்துவிடம் சொன்னார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

வேலி ஓரத்தில் வெட்டினார். ஒரு சாண் மண். அதற்குக் கீழே பாறை.

தள்ளிப்போய் நடைபாதையில் வெட்டினார். அங்கும் பாறை.

வேப்பமரத்தடியில் வெட்டினார். மண்வெட்டி பாறையில் மோதுகிற சத்தம் ஆலயத்துக்குள் இருந்தவர்கள் வரைக்கும் கேட்டது. மண் எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

வேதமுத்து கதவருகில் நின்று கையைப் பிசைந்தார். போதகர் மேல் கோபம் கோபமாக வந்தது. இவர் வாய்விட்டுக் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடலாம். கேட்காத மனிதரிடம் எப்படிச் சொல்வது?

போதகரின் உள்ளங்கை பொத்துப்போய், மண்வெட்டிக் காம்பில் ரத்தம் தெரிந்தது. மழை அதைக் கழுவிக்கொண்டே இருந்தது. அவர் நிறுத்தவில்லை.

வேதமுத்து இறங்கிப் போனார்.

"ஐயா, அங்க பூராவும் பாறை."

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சுமா வெட்டுதிய?"

"மண்ணு இருக்கிற எடம் என்னுது இல்லையே."

வேதமுத்து ஞானப்பூவின் கல்லறைக்குப் போனார். குனிந்து, அதன்மேல் கையை வைத்து, என்னவோ சொன்னார். மழையில் யாருக்கும் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார்.

திரும்பி வந்து, மண்வெட்டிக்காகக் கையை நீட்டினார்.

அந்த இடத்தில் மண் இளகி வந்தது. கொஞ்ச நேரத்தில் பாடகர் குழுப் பையன்கள் இறங்கினார்கள். பெண்கள் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைத்திருந்த தார்ப்பாயை எடுத்துவந்து, குழியில் தண்ணீர் விழாமல் நாலு முனையிலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இடுப்பளவுத் தண்ணீரில் எதிர்த்தெருவே பேச்சியம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்தது. வாசலில் தயங்கியது. சங்கு ஊதுகிறவர் சங்கைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். போதகர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஊதுங்க," என்றார்.

ஆலய வளாகத்துக்குள் சங்கு முழங்கியது. அந்த மேடு அதுவரை கேட்டறியாத சத்தம்.

மணிக்கயிற்றின் அருகில் நின்றவர் போதகரைப் பார்த்தார். போதகர் தலையசைத்தார். சபையில் ஒருவர் இறந்தால் அடிக்கிற மணி, விட்டு விட்டு, ஒன்றொன்றாக விழத் தொடங்கியது.

சங்கும் மணியும் மழையும் சேர்ந்து கேட்டன. யார் சபை, யார் தெரு என்று தெரியாமல் எல்லாரும் நனைந்து நின்றார்கள். எல்லாருக்கும் உடம்பு புல்லரித்தது. குளிரால் அல்ல என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மண் தள்ளி முடிந்தது. இசக்கிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கல்லைப் பார்த்தார். அதில் வெட்டியிருந்த பெயரைப் படித்தார். கீழே வேதமுத்துவின் மனைவி என்று எழுதியிருந்ததையும் படித்தார்.

"அண்ணாச்சி, இது யாருக்குன்னு வச்சிருந்த எடம்?"

வேதமுத்து நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்க வீட்டம்மாவுக்குத்தான்," என்றார்.

போதகர் எலியாசர் குனிந்து, அந்தச் சேற்றிலேயே தம் செருப்புகளைக் கழற்றினார்.